ரிட்டயர்டு ஆகட்டும் என்று காத்திருக்கும் தம்பிகளுக்கு



நம் பயிற்சி முகாம்களில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். "அண்ணா, இன்னும் பன்னெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. ரிட்டயர்டு ஆனதும் ஊருக்கு வந்து இயற்கை விவசாயம்தான்." துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர், சிங்கப்பூரில் வீட்டுக்கடன் கட்டுகிறவர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், சென்னையில் அரசு வேலையில் இருக்கிறவர், எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். சிலர் நிலமே வாங்கிவிட்டார்கள். சுற்றிலும் கல்லுக்கால் நட்டு, கம்பிவேலி போட்டு, இரும்பு கேட்டுக்குப் பூட்டும் போட்டாயிற்று. உள்ளே சீமைக்கருவேலம் தலைக்கு மேலே நிற்கிறது.

கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்குது. மண் மேல ஆசை உள்ள ஆள் ஒருத்தர் கூடினால் நமக்குச் சந்தோசம்தானே. ஆனால் அந்த "ஆனதும்" என்கிற சொல் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வழக்கமாக நான் இங்கே எழுதுவது பூச்சியும் தொழுவுரமும்தான். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு ஓய்வு வயசு 60. அன்றைக்கு வந்து ஒரு நாட்டுத் தென்னம்பிள்ளை நட்டால் பாளை விட ஆறேழு வருசம். புளியங்கொட்டை போட்டு முளைத்த கன்று காய்க்க எட்டுப் பத்து வருசம். பனை பதினஞ்சு வருசத்துக்குக் குறையாது. ஒட்டு மா மூணு நாலு வருசத்தில் காய்க்கும் என்று நர்சரிக்காரர் சொல்வார். நிஜம்தான், ஆனால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும் அளவுக்குக் காய்க்க மேலும் சில வருசம் வேணும். இயற்கைச் சான்றிதழ் வாங்குவதென்றால் ஒருபோகப் பயிருக்கு விதைப்புக்கு முந்தி ரெண்டு வருசம், மரப்பயிருக்கு அறுவடைக்கு முந்தி மூணு வருசம் மாறுகாலம் காட்டணும். அது காகிதக் கணக்கு. முப்பது வருசம் யூரியா தின்ற மண்ணில் மண்புழு தானாக மேலே வர எத்தனை வருசம் ஆகும் என்பது அந்தந்த மண்ணுக்குத்தான் தெரியும்.

மரத்தை விடுங்கள், நட்டவர் இல்லாவிட்டாலும் பேரன் தின்பான். உடம்பை என்ன செய்வது? களை எடுக்கக் குத்தவைத்து உட்காரணும். முப்பத்தஞ்சு வருசம் நாற்காலியிலேயே இருந்த முட்டி, அறுபதில் குத்தவைக்கச் சொன்னால் கேட்காது. மம்பட்டி பிடித்தால் இருபது வயசில் மூணு நாள் கொப்புளம், நாலாம் நாள் கை காய்த்துவிடும். அறுபதில் கொப்புளம் ஆறவே மூணு வாரம், அதிலும் சர்க்கரை இருந்தால் டாக்டர் திட்டுவார்.

நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டு வெளியே வந்தபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயசு. ஜப்பானின் ஃபுகுவோகா, யோகோஹாமா சுங்கத்துறையில் செடிகொடிகளைச் சோதிக்கும் வேலையை 25 வயசில் விட்டார். ஊருக்குப் போய் அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்துப் பண்ணாமல் விட்டதில் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போன கதையை 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் அவரே சொல்லியிருக்கிறார். 25 வயசில் தோப்பைச் சாகவிட்டவருக்கு, ஏன் செத்தது என்று புரிந்துகொள்ள இன்னும் எழுபது வருசம் கையில் இருந்தது. 2008இல் தன் 95 வயசில்தான் போய்ச் சேர்ந்தார். நம்ம ஆள் அறுபதில் வந்து தோப்பைச் சாகவிட்டால்?

உடனே வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அய்யா. அதையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப். பணம் மொத்தத்தையும் ஆழ்துளைக் கிணத்துக்குள் போட்டுவிட்டு, காத்து மட்டும் வந்த கதை எங்கள் ஒன்றியத்திலேயே நாலு இருக்குது. மாசச் சம்பளம் வரட்டும், அது இருக்கிறபோதே மண்ணோடு உறவு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் வளைகுடாவில் 27 வருசம் இருந்தார். நல்ல மனுசன். தங்கச்சிகளுக்குக் கல்யாணம் பண்ணி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, நாலு ஏக்கரில் கிணத்தை ஆழப்படுத்தி, எல்லாம் முறையாகச் செய்தவர். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை வருவார், நாற்பது நாள் இருப்பார், அதில் பாதி நாள் கல்யாணம், காதுகுத்து. தோட்டத்துக்கு அவர் அப்பாவோடு போனால் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். பெரியவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "இருக்கட்டுங்கப்பா, நான் நிரந்தரமா வந்துக்கறேன், அப்ப உட்கார்ந்து கேட்டுக்கறேன்" என்பார்.

நிரந்தரமாக வந்தார். அதற்கு முந்தின ஐப்பசியிலேயே பெரியவர் போய்விட்டார். இப்போது அந்த நாலு ஏக்கரில் எந்த மூலையில் தண்ணி நிற்கும், எந்தத் துண்டில் உப்புப் பூக்கும், மேற்கு வரப்பில் எந்த இடத்தில் அடியில் பாறை இருக்கிறது, கிணத்தில் எந்தப் பக்கத்து ஊத்து கோடையிலும் வத்தாது, இதெல்லாம் சொல்ல ஆள் இல்லை. மண் பரிசோதனைச் சீட்டு இருக்கிறது. அதில் கார அமில நிலை இருக்கும், தழை மணி சாம்பல் இருக்கும். மார்கழிப் பனியில் எந்தப் பாத்தியில் அவரைக்கு அசுவினி முதலில் விழும் என்பது அதில் இருக்காது. அவர் மஞ்சள் நட்டது தண்ணி தேங்குகிற துண்டில். கிழங்கு அழுகிப் போச்சு. பெரியவர் அந்தத் துண்டில் ஒருநாளும் மஞ்சள் வைத்ததில்லை என்று எனக்கே தெரியும். ஏன் வைக்கவில்லை என்று நானும் கேட்டு வைத்திருக்கவில்லை, அது என் தோட்டம் இல்லையே.

அவர் இழந்தது மகசூலைக் காட்டிலும் பெரிசு என்று நினைக்கிறேன். அப்பாவோடு கயித்துக்கட்டிலில் உட்கார்ந்து நாலு கதை கேட்டிருந்தால் அது ஒரு சுகம். அந்தச் சுகத்துக்குள்தான் விவசாயமும் இருந்தது. ரெண்டும் சேர்ந்தே போய்விட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒருத்தரைப் பார்த்தேன், அதுவும் லண்டனில்.

என் மகள் கிழக்கு லண்டனில் இருக்கிறாள். போன வருசம் மே மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் மூணு மாசம் போயிருந்தோம். முதல் பத்து நாள் எல்லாம் அதிசயம். அதற்குப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். டி.வி.யை எவ்வளவு நேரம் பார்ப்பது? ரயிலில் போகும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வரிசையாகத் துண்டு துண்டு நிலம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்ன மரக்கொட்டகை, மழைத்தண்ணி பிடிக்கிற பீப்பாய், ஏதோ கொடி ஏத்திய மூங்கில் குச்சிகள். மகளைக் கேட்டேன். "அது அலாட்மென்ட் அப்பா, நம்ம ஆளுங்களும் வெச்சிருக்காங்க" என்றாள். அடுத்த நாளே நடந்து போய்விட்டேன்.

அங்கே ஒரு பெரியவர் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். கட்டின விதத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, இது நம்ம கை என்று. "ஐயா, தமிழுங்களா?" என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓம் தம்பி. உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 74 வயசு. 1984இல் அங்கே போனவர். பெட்ரோல் பங்கில் இரவு வேலை, அப்புறம் தபால் பிரிக்கிற வேலை. 66இல் ஓய்வு. அவருடைய அப்பா செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்தவர். அந்தக் காணி 1990இல் ராணுவத்தின் கைக்குப் போனது. போர் முடிந்து இத்தனை வருசத்தில் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விடுகிறார்கள், இவருடைய துண்டு இன்னும் வரவில்லை.

அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன், ஞாபகம் இருக்கிற அளவுக்கு. "சண்டை முடியட்டும், ஊருக்குப் போய்த் தோட்டம் செய்வம் எண்டு இருபது வருசம் இருந்தம் தம்பி. ஒருநாள் மனிசி சொன்னா, இனி எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருக்கிறது, இங்கயே ஒரு துண்டு எடுங்கோ எண்டு. லிஸ்ட்டில பேரைக் குடுத்து நாலு வருசத்தால கிடைச்சது. அப்ப நான் வேலையில. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு விடிய நேர இங்க வருவன். நித்திரை பிறகு. ரிட்டையர் ஆகட்டும் எண்டு நிண்டிருந்தா, பேர் வரேக்க நான் இருந்திருப்பனோ தெரியாது."

முழு அலாட்மென்ட் என்பது ஏறக்குறைய 250 சதுர மீட்டர், நம்ம கணக்கில் ஆறு சென்ட். இவரிடம் இருப்பது அதில் பாதி, மூணு சென்ட்தான். அந்த மூணு சென்டில் உருளைக்கிழங்கு, வெங்காயம், போஞ்சி (நம்ம பீன்ஸ்), வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பூசணி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குடிலுக்குள் தக்காளியும் மிளகாயும். மே பாதி வரைக்கும் அங்கே உறைபனி பயம் இருக்கிறது. அதற்கு முந்தி பூசணியை வெளியே நட்டால் ஒரே ராத்திரியில் கருகிவிடும். நத்தைத் தொல்லை நம்ம ஊர் எலியை விட மோசம். மண்ணில் கிண்ணத்தைப் புதைத்து அதில் பியர் ஊத்தி வைக்கிறார்கள், நத்தை குடிக்க வந்து விழுந்து செத்துப்போகிறது. நல்ல சாவு என்று நான் சொன்னதும் பெரியவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

உரம் விசயத்தில் அவரிடம் நமக்கும் பாடம் இருக்கிறது. காம்ஃப்ரே என்று ஒரு செடி, இலையைப் பறித்துத் தண்ணியில் சில வாரம் ஊறப்போட்டு, அந்தக் கரைசலைத் தண்ணி கலந்து தக்காளிக்கு விடுகிறார்கள். சாம்பல் சத்து அதிகமாம். நாத்தம் நம்ம பஞ்சகவ்யத்தை மிஞ்சும், பக்கத்துத் துண்டு வெள்ளைக்காரப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டே அதே கரைசலை வாங்கிப் போனார். குதிரை லாயத்திலிருந்து சாணி இலவசமாகக் கிடைக்கும். ஆனால் சும்மா கொட்டிவிட மாட்டார்கள். அங்கே மேய்ச்சல் புல்லில் அமினோபைரலிட் என்கிற களைக்கொல்லி அடிப்பதுண்டு. அந்தப் புல்லைத் தின்ற குதிரையின் வயித்தைத் தாண்டி, சாணியில் வந்து, மட்கிய பிறகும் அந்த நஞ்சு இருக்கும், தக்காளியும் பீன்ஸும் உருளையும் இலை சுருண்டு போகும். 2008 வாக்கில் அங்கே ஏகப்பட்ட தோட்டம் இப்படிப் போனதாம். அதனால் சாணியை ஒரு தொட்டி மண்ணில் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பார்த்து, இலை ஒழுங்காக வந்தால்தான் நிலத்துக்குப் போகிறது. களைக்கொல்லி அடித்த காட்டு வைக்கோலையும் எருவையும் வெளியிலிருந்து வாங்குகிற நம் ஆட்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைய ராத்திரி ஒம்பது தாண்டிவிடும். எட்டு மணிக்கு மேலே, கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, அவர் பூசணிப் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு கிடையாது. பக்கத்தில் நரி ஒன்று குப்பை தேடிப் போகும். ஆமாம், லண்டனில் தெருவில் நரி நடக்கும், நாய் மாதிரி. நான் இருந்த மூணு மாசத்தில் வாரம் மூணு நாள் அங்கே போய்விடுவேன். அவர் முதல் உருளைக்கிழங்குச் செடியைக் கிண்டின அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். மூணு கிலோ இருக்கும். அதில் ஒரு கிலோவை அந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு, ஒரு கிலோவை எனக்கு. வீட்டில் வெறும் உப்புப் போட்டு அவித்துத் தின்றோம். என் பேத்தி தோலோடு தின்றாள்.

அவர் வாழ்க்கையில் சோகம் இல்லை என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், மண் சேறாகக் கிடக்கும், முட்டி வலிக்கும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து சன்னலோரம் காப்பாத்தப் பார்த்து ரெண்டு தடவை செத்துப்போச்சாம், மூணாவது இப்போது நிற்கிறது. சொந்தக் காணியை நினைக்காத நாள் இல்லை என்றார். ஆனால் அது கிடைக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. இதைத்தான் நான் வேலிக்குப் பூட்டுப் போட்டிருக்கிற தம்பிகளிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களுக்குக் காணி கையில் இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை. நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

அந்த நிலங்களுக்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. 1908இல் வந்த சட்டப்படி, ஜனங்கள் கேட்டால் உள்ளாட்சி இந்தத் துண்டுகளை ஏற்பாடு செய்து வாடகைக்குக் கொடுக்கணும். ரெண்டாம் உலகப்போரில் சாப்பாட்டுக் கப்பல் வருவது குறைந்துபோன சமயம், நாடு முழுக்க இப்படி 14 லட்சம் துண்டுகள் வரை பயிரானது. 1922இல் வந்த இன்னொரு சட்டம் அலாட்மென்ட் தோட்டத்துக்கு இலக்கணம் சொல்கிறது: காயும் பழமும் முழுசாகவோ பெரும்பகுதியோ பயிர் செய்கிறவரும் அவர் குடும்பமும் தின்பதற்காக விளைய வேண்டும். யோசித்துப் பாருங்கள். நீ தின்பதற்காகத்தான் இந்த நிலம் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறான். அங்கே மார்க்கெட் விலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. விலை விழுந்தால் மனசு விழுவதில்லை. பெரியவர் பூசணிப் பூவைச் சும்மா பார்க்க முடிந்ததற்குப் பாதிக் காரணம் இது என்று எனக்குத் தோன்றியது.

நம்ம பக்கம் திரும்புவோம். இது பூட்டுப் போட்ட தம்பிகளுக்கு மட்டுமான கட்டுரை கிடையாது. அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கிற நம்ம இயற்கை விவசாயிகள் எத்தனை பேர் வீட்டுக்குத் தக்காளி கடையில் வாங்குகிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மஞ்சக்காட்டு வரப்பில் ஒரு கத்தரிச் செடி கிடையாது. கரும்புக்காட்டுக்காரன் வீட்டில் கீரை வியாபாரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம். இயற்கை அங்காடிக்கு அனுப்புகிற கம்பும் எள்ளும் பளபளவென்று முதல் தரம், வீட்டுக்கு வைத்துக்கொள்வது சல்லடையில் கழிந்தது. ஏனுங்க என்று கேட்டால், "கடன் அடையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறோம். நாமும் ஒரு "ஆகட்டும்" வைத்திருக்கிறோம். வேலைக்காரத் தம்பிக்கு ரிட்டயர்மென்ட், நமக்குக் கடன், வேறென்ன வித்தியாசம்? ஒரே ஒரு வித்தியாசம், அவருக்கு அது ஒரு தேதியில் வந்துவிடும். உழவனுக்கு ஓய்வுத் தேதி கிடையாது.

ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவார் என்று தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் நகை இருக்கிறது, மகன் காலேஜ் பீஸ் கட்டணும், மழை பொய்த்துப்போச்சு, இவன் பூசணிப் பூவைப் பார் என்கிறானே என்று. அந்தக் கோபம் நியாயம். விலைக்காகவும் தண்ணிக்காகவும் நாம் தெருவில் உட்கார்ந்ததும் இனி உட்காரப்போவதும் அதற்காகத்தான். சின்னச் சந்தோசத்தால் கடன் அடையாது, நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் கடன் அடைகிற வரைக்கும் பச்சைக்கடலையைச் சுட்டுத் தின்னக் கூடாது என்று எந்த பேங்கும் நிபந்தனை போடவில்லை. அதை நாமாகவே போட்டுக்கொண்டோம். நம் கூட்டங்களிலும் பாருங்கள், நட்டம், தடை, நோய், போராட்டம் என்று நாலு மணி நேரம் பேசுவோம். மேடையிலிருந்து ஒருத்தராவது இந்தத் தொழிலில் இன்ன சுகம் இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பின்னே நம் பிள்ளைகள் எதற்காக இந்தப் பக்கம் திரும்புவார்கள்?

சுகம் இல்லையா? கம்பு பால்பிடிக்கிற பத்து நாளில் கதிரைத் தணலில் வாட்டி, கையில் கசக்கி, ஊதி வாயில் போட்டால் அது எந்த ஓட்டலில் கிடைக்கும்? பத்து நாள்தான். தாண்டினால் கடினமாகிவிடும், அடுத்த வருசம்தான். தெளுவு அதிகாலையில் இறக்கினதும் குடிக்கணும், வெயில் ஏறினால் ருசி மாறிவிடும். நிலா வெளிச்சத்தில் மடை மாத்துகிறபோது கால் விரலிடுக்கில் புகுகிற தண்ணி. கோடை உழவில் முதல் மழை விழுந்ததும் வருகிற வாசம். வாய்க்கால் திறந்துவிட்ட அன்று பிள்ளைகளோடு போய் நுரையைப் பார்ப்பது. பண்ணையில் புதுசாக ஒரு தேன்கூடு. எதுவும் காசு கேட்பதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இருக்கிறது, அந்த நாளில் நாம் அங்கே இருக்கணும். கம்பு யாருடைய ஓய்வுக்காகவும் பாலை நிறுத்தி வைக்காது.

அதனால் நிலம் உள்ளவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று. மூணு சென்ட். கிணத்தடியில், தண்ணி கைக்கெட்டுகிற இடத்தில் மூணு சென்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் விளைவதை விற்கக் கூடாது, மகசூல் எழுதக் கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரை, பந்தலில் பீர்க்கன், ஓரத்தில் செடிமுருங்கை (விதை போட்டு ஆறேழு மாசத்தில் காய்க்கும்), வீட்டில் உள்ள பெண்கள் என்ன கேட்கிறார்களோ அது. மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு. பக்கத்தில் ஒரு கட்டில்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் வேறு. லீவு பொங்கலுக்குத்தான் என்று வைக்காமல் ஒரு வருசமாவது விதைப்புக்கு வாருங்கள். வந்தால் அப்பாவோடு, அப்பா இல்லையென்றால் காட்டில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரோடு, ஒரு முழு நாள் வரப்பைச் சுற்றுங்கள். மண் எங்கே எப்படி, ஊத்து எங்கே, முன்னே என்ன மரம் நின்றது, எந்த வருசம் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் ஏழு தடவை அதே கதையைச் சொல்வார்கள். ஏழாவது தடவையில்தான் புதுசாக ஒண்ணு வரும். திரும்பிப் போனதும், இருக்கிற ஊரில் ஒரு தொட்டி, ஒரு பலகணி, அலாட்மென்ட் மாதிரி ஏதாவது கிடைத்தால் வரிசையில் பேரைக் கொடுத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: நாட்டு விதை என்று ஆசையில் பெட்டிக்குள் மறைத்து எடுத்துப் போகாதீர்கள். பல நாடுகளில் தாவர நலச் சான்று இல்லாமல் விதை கொண்டுபோவது குற்றம், அபராதம் போடுவார்கள், விதையும் குப்பைக்குப் போகும். அங்கே கிடைக்கிற விதையைப் போடுங்கள், வெந்தயமும் கொத்தமல்லியும் மளிகைக்கடையிலேயே இருக்கிறது.

வாங்கிப் பூட்டிப்போட்ட நிலத்துக்கு ஒரு வழி. அக்கம்பக்கத்தில் நிலமில்லாத, ஆனால் விவசாயம் தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு வாரத்துக்கு விடுங்கள், மருந்து அடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. எழுத்தில் போட்டுக்கொண்டால் ரெண்டு பேருக்கும் நல்லது. நீங்கள் வருகிறபோது உங்கள் நிலத்தில் சாப்பிட ஏதாவது இருக்கும், பேச ஒரு ஆளும் இருப்பார், கருவேலத்துக்கு வெட்டுக்கூலியும் மிச்சம்.

எங்கள் தோட்டத்தில் இந்த வாரம் கத்தரி நாத்து பிடுங்குகிறோம். நம்ம மூணு சென்டுக்குப் போக நாற்பது, அம்பது நாத்து மிஞ்சும், நாட்டு ரகம்தான், வரி போட்ட பச்சைக்காய். பவானி பக்கம் வருகிறவர்கள் ஒரு போன் போட்டுவிட்டு சாயங்காலம் வாருங்கள், ஈரச்சாக்கில் கட்டித் தருகிறேன். வெயிலில் வந்தால் நாத்து வாடிவிடும்.